கப்பல் கணக்கு, இழப்பீட்டுக் கணக்கு: வரலாற்று வகுப்புக்கு இரண்டு இலவசத் தரவுத்தளங்கள்

அட்லாண்டிக் அடிமை வணிகம் பள்ளிப் பாடநூலில் பெரும்பாலும் மூன்று படங்களோடு முடிந்துவிடும். மூன்று கண்டங்களை இணைக்கும் அம்புக்குறி வரைபடம் ஒன்று. கப்பலின் அடித்தளத்தில் விறகு அடுக்கியதுபோல மனிதர்களை அடுக்கிக் காட்டும் படம் ஒன்று. ஒழிப்புச் சட்டத்துக்காகப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் முகம் ஒன்று. இவற்றைப் பார்த்த பிள்ளையின் மனதில் ஒரே கதைதான் தங்கும்: ஆப்பிரிக்கர்கள் பிடிபட்டார்கள், வதைபட்டார்கள், கடைசியில் இங்கிலாந்தின் மனசாட்சி விழித்துக்கொண்டு அவர்களை விடுவித்தது. யார் பணம் போட்டார்கள், யார் லாபம் எடுத்தார்கள், விடுதலையின்போது யாருடைய கைக்குப் பணம் போனது என்ற கேள்விகளுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. அடிமையாக்கப்பட்டவர்கள் தங்கள் விடுதலைக்கு என்ன செய்தார்கள் என்பதற்கும் இல்லை.

இந்தக் கதையை ஆவணத்தை வைத்தே உடைக்க உதவும் இரண்டு தரவுத்தளங்களை இங்கே மதிப்பிடுகிறோம். ஒன்று ‘ஸ்லேவ் வாயேஜஸ்’. மற்றொன்று, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ‘லெகசீஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி’. இரண்டும் இலவசம், கணக்குத் தொடங்காமலே தேடலாம். நிறவெறிக்கு எதிரான, காலனியப் பார்வையைக் களைந்த வரலாற்றுப் பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியருக்கு இவற்றைவிட உறுதியான கருவி கிடைப்பது அரிது. ஆனால் இரண்டுமே அடிமை வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் அரசு அதிகாரிகளும் எழுதிய கணக்குப் புத்தகங்களிலிருந்து பிறந்தவை. அப்படியே எடுத்து வகுப்பில் வைத்தால், கணக்கெழுதியவனின் கண்ணால்தான் பிள்ளைகளும் பார்ப்பார்கள். இவற்றின் பலமும் பழுதும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஸ்லேவ் வாயேஜஸ்

டேவிட் எல்டிஸ், ஸ்டீபன் பெரண்ட், டேவிட் ரிச்சர்ட்சன், ஹெர்பர்ட் க்ளைன் ஆகியோர் தொகுத்து 1999-ல் குறுந்தகடாக வெளியிட்டபோது இதில் 27,000 பயணங்களுக்கு மேல் இருந்தன. 2008-ல் எமரி பல்கலைக்கழகத்தின் வழியாக இணையத்துக்கு வந்தது. இப்போது அட்லாண்டிக்கைக் கடந்த பயணங்கள் மட்டும் 36,000க்கு மேல். ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கப்பலின் பெயர், கொடி, முதலாளிகள், கப்பல் தலைவன், ஆட்களை ஏற்றிய கடற்கரை, இறக்கிய துறைமுகம், ஏற்றிய எண்ணிக்கை, உயிரோடு இறங்கிய எண்ணிக்கை, இந்தத் தகவல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற குறிப்பு என வரிசையாக வரும். அமெரிக்கக் கண்டத்துக்குள்ளேயே துறைமுகம் விட்டுத் துறைமுகம் ஆட்களைக் கொண்டுபோன பயணங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

வகுப்பில் முதலில் திறக்க வேண்டியது ‘எஸ்டிமேட்ஸ்’ பக்கம். ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். இடையில் விழும் 18 லட்சத்தை மாணவர்களே கழித்துப் பார்க்கட்டும். அடுத்து, இறங்கிய இடம் வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். திரைப்படங்களால் அடிமைமுறை என்றாலே அமெரிக்கப் பருத்தி வயல் என்று பதிந்திருக்கும். அட்டவணையோ வேறு சொல்கிறது: பிரேசிலில் மட்டும் ஏறத்தாழ 48 லட்சம் பேர். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கும் நிலப்பகுதியில் நேரடியாக இறக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. கொடி வாரியாகப் பிரித்தால் போர்த்துகலும் பிரேசிலும் சேர்ந்து முதலிடம். அடுத்து பிரிட்டன், 32 லட்சத்துக்கு மேல். ஆண்டு வாரியாகப் பார்த்தால் இன்னொரு நம்பிக்கையும் சரியும். பிரிட்டன் 1807-ல் அடிமை வணிகத்தைத் தடைசெய்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு, 1801 முதல் 1866 வரை மட்டும் 38 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டார்கள் என்ற வரியைக் காட்டினால் போதும்.

இந்த எண்களைக் கையாளும்போது இரண்டு இடங்களில் வகுப்பு வழுக்கி விழும். முதலாவது, ‘எஸ்டிமேட்ஸ்’ பக்கத்தின் கூட்டுத்தொகையும் பயணப் பட்டியலின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாது. பட்டியலில் இருப்பது ஆவணம் கிடைத்த பயணங்கள் மட்டுமே. ஆவணம் தொலைந்த பயணங்களையும் கணக்கில் சேர்த்து ஆய்வாளர்கள் கண்ட மதிப்பீடு தனிப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு குழு இதையும் இன்னொரு குழு அதையும் எடுத்துவைத்துக்கொண்டு “இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்” என்று சலித்துக்கொள்ளும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்த எண் என்பதைத் தாளின் தலையில் எழுதவைத்தால் இந்தக் குழப்பம் வராது. இரண்டாவது, பயணப் பட்டியலில் சில எண்கள் ஆவணத்திலிருந்து நேரே எடுத்தவை. சில, அதே காலத்தில் அதே தடத்தில் போன பிற பயணங்களைக் கொண்டு கணித்து நிரப்பியவை. பின்னதை ‘இம்ப்யூட்டட்’ என்று தளமே குறித்திருக்கும். “இந்தக் கப்பலில் 287 பேர் இருந்தார்கள்” என்று மாணவர் எழுதுமுன், அந்த எண்ணை எழுதியது அன்றைய கணக்கனா, இன்றைய ஆய்வாளரா என்று பார்த்துக்கொள்ளப் பழக்க வேண்டும். சான்றையும் ஊகத்தையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி பாடநூலில் இல்லை.

காலவோட்ட வரைபடம் தளத்தின் பெயர்பெற்ற அம்சம். கடல் முழுக்கப் புள்ளிகள் ஊர்ந்து போகும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கப்பல். வகுப்பு மூச்சடக்கிப் பார்க்கும். அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. முழுதாக ஓடவிட்டு முடித்தால் எறும்பு வரிசையைப் பார்த்த நினைவுதான் மிஞ்சும். அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஒரே ஒரு புள்ளியைத் தட்டி அந்தப் பயணத்தின் விவரத்தைத் திறந்து, மீதிப் பாடவேளையை அந்த ஒரு கப்பலிலேயே செலவிடுங்கள்.

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் அம்சம் ஒன்று உண்டு. எங்கள் கணிப்பில் தளத்தின் மிக மதிப்புள்ள பகுதி அதுதான். ஆப்பிரிக்கர்களின் எதிர்ப்பு பதிவான பயணங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். கப்பலிலேயே கிளர்ச்சி நடந்தவை, கரையிலிருந்து தாக்குதல் வந்தவை எல்லாம் தனியே வந்து நிற்கும். ஏறத்தாழ பத்துப் பயணங்களில் ஒன்றில் கிளர்ச்சி நடந்திருக்கும் என்பது இத்துறை ஆய்வாளர்களின் மதிப்பீடு. கப்பல்களில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள், பீரங்கியை உள்பக்கம் திருப்பி வைத்தார்கள், கூடுதல் மாலுமிகளை ஏற்றினார்கள். இதற்கெல்லாம் ஆன செலவு வணிகத்தையே சுருக்கியது. அதனால் கப்பலேற்றப்படாமல் தப்பியவர்கள் பலர். விறகுக்கட்டுப் படத்தை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த வடிகட்டி வேறோர் உலகத்தைத் திறக்கும்.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது ‘ப்ரூக்ஸ்’ என்ற லிவர்பூல் கப்பலின் படம். ஒழிப்பு இயக்கத்தார் 1788, 1789 ஆண்டுகளில் அச்சிட்டுப் பரப்பியது. 1788-ன் டால்பன் சட்டப்படி அந்தக் கப்பல் 454 பேரை ஏற்றலாம். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில் 609 பேரை ஏற்றியிருந்தது. படம் நல்ல நோக்கத்தோடு வரைந்ததுதான். ஆனாலும் அதில் ஒருவருக்கும் முகம் இல்லை, அசைவில்லை, பேச்சில்லை. ஆங்கிலேய வாசகரின் இரக்கத்தைத் தூண்ட ஆங்கிலேயர் வரைந்தது அது என்ற குறிப்போடு காட்டலாம். குறிப்பில்லாமல் சுவரில் ஒட்டாதீர்கள். தளத்தில் தேடும்போது ஆங்கிலத்தில் ‘இ’ எழுத்தோடும் அது இல்லாமலும் இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் சில பயணங்கள் விடுபடும்.

தளத்தின் ‘ஆப்பிரிக்கப் பெயர்கள்’ பிரிவில் 91,491 பேரின் பதிவுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் கடற்படையிடம் சிக்கிய அடிமைக் கப்பல்களில் இருந்தவர்கள் இவர்கள். ஃப்ரீடவுன், ஹவானா நீதிமன்ற எழுத்தர்கள் பெயர், வயது, உயரம், பால் என்று குறித்துவைத்தார்கள். பெயர்களைத் தாம் கேட்டபடி ஐரோப்பிய எழுத்தில் எழுதியதால் ஒரே பெயர் பலவாறு வரும். சில பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எந்த மொழிக்காரர் என்பது பிடிபடும். “மீட்கப்பட்டவர்கள்” என்ற தலைப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மீட்கப்பட்டவர்களில் பலரை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த வேலைக்கும் படைக்கும் அனுப்பினார்கள்.

லெகசீஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி

முந்தைய தளம் கடலைக் காட்டுகிறது என்றால் இது பணம் போன வழியைக் காட்டுகிறது. 1833-ன் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசு இதற்காக 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். முழுத்தொகையும் அடிமை வைத்திருந்தவர்களுக்கே. அடிமையாக்கப்பட்டிருந்த சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. அவர்கள் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் அதே முதலாளிக்கு வாரம் 45 மணி நேரம் வரை ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. அந்த ஏற்பாடு 1838 ஆகஸ்ட் 1-ல்தான் முடிவுக்கு வந்தது. இழப்பீட்டுக்காக 1835-ல் நேதன் ரோத்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் திரட்டிக் கொடுத்த கடன் 1 கோடியே 50 லட்சம் பவுண்டு. அது பிற்பாடு பல அரசுப் பத்திரங்களில் கரைந்து, கடைசி மிச்சம் 2015-ல்தான் அடைந்தது. 2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கருவூலம் இதையே பெருமைக்குரிய செய்திபோல ட்விட்டரில் போட்டு, வரி கட்டியவர்களெல்லாம் அடிமை வணிகத்தை ஒழிக்க உதவினார்கள் என்றது; கண்டனம் எழுந்ததும் நீக்கியது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்து பிரிட்டனில் வரி கட்டியவர்களும் அந்தக் கடனை அடைத்தவர்களில் அடக்கம். பாடத்தைத் தொடங்க இதைவிடக் கூர்மையான செய்தி கிடைக்காது.

இழப்பீடு கேட்டவர்களின் மனுக்கள், தீர்ப்புகள், தொகைகள் அடங்கிய கட்டுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேத்தரின் ஹால், நிக் டிரேப்பர், கீத் மக்லெலண்ட் முதலானோர் அவற்றைப் படித்துத் தேடத்தக்க தரவுத்தளமாக்கி 2013-ல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 46,000 கோரிக்கைகள். ஆள் பெயரால் தேடலாம், தோட்டத்தின் பெயரால் தேடலாம், பிரிட்டனில் அவர்கள் வாழ்ந்த முகவரியை வரைபடத்தில் பார்க்கலாம். பணம் பெற்றவர் பின்னர் எந்த ரயில் நிறுவனத்தில் முதலீடு செய்தார், எந்த மாளிகையைக் கட்டினார், எந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார் என்பதும் தனித்தலைப்புகளில் வரும். பெருந்தோட்டப் பிரபுக்கள் மட்டுமல்ல, இரண்டொரு ஆளை வைத்து வாடகைக்கு விட்டுப் பிழைத்த விதவைகளும் பாதிரியார்களும் பட்டியலில் இருக்கிறார்கள். அடிமைமுறை சில கொடியவர்களின் குற்றம் என்ற எண்ணம் இங்கே நிற்காது.

தேடும்போது கவனிக்க வேண்டியவை. ஒருவரின் பக்கத்தில் காட்டும் தொகை, அந்தக் கோரிக்கையின் மொத்தத் தொகை. அவர் தனியாகப் பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. மூன்று பேர் கூட்டாகப் பெற்றிருந்தால் மூன்று பேர் பக்கத்திலும் அதே தொகை நிற்கும். கூட்டிப் பார்க்கும் மாணவர் மூன்று மடங்கு எழுதிவிடுவார். பெயருக்கு எதிரே உள்ள பங்கைப் படிக்கப் பழக்குங்கள்: சொந்தக்காரரா, அடமானம் பிடித்தவரா, உயிலை நிறைவேற்றுபவரா, அறங்காவலரா, அல்லது கோரிக்கை தள்ளுபடியானவரா. அடமானக்காரர் என்ற பங்கு வரும் இடத்தில் வகுப்பை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: மனிதர்களை அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி, அடிமை வைத்திருந்ததா இல்லையா? அரை மணி நேரம் ஓடும்.

ஒரே பெயர்க்காரர்கள் ஏராளம். பொதுவான பெயரைத் தேடினால் பல பக்கங்கள் வரும். காலனி, பாரிஷ் (காலனியின் உட்பிரிவு), தோட்டம் மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் ஒருவரை இன்னொருவரோடு இணைத்தால் குற்றமற்றவர் தலையில் பழி விழும். பழைய பணக்கணக்கையும் முன்கூட்டியே பலகையில் எழுதிவிட வேண்டும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் இணையக் கணிப்பான்களை நம்ப வேண்டாம். விலைவாசியை வைத்து மாற்றினால் ஒன்று வரும், கூலியை வைத்து மாற்றினால் அதைப்போலப் பல மடங்கு வரும். அரசின் ஓராண்டுச் செலவில் 40 சதவீதம் என்ற ஒப்பீடே போதும்.

ஒரு பெயரை எடுத்துப் பார்த்தால்

ஜான் கிளாட்ஸ்டன் என்று தேடுங்கள். லிவர்பூல் வணிகர், நாடாளுமன்ற உறுப்பினர், பின்னாளில் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. 2,508 பேருக்காக அவர் பெற்ற இழப்பீடு 1,06,769 பவுண்டு. மாணவர்கள் உடனே வகுத்துப் பார்ப்பார்கள்: ஆளுக்கு 42 பவுண்டுக்குச் சற்று மேல். 2 கோடியை 8 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு 25 பவுண்டுதான். ஏன் இந்த வித்தியாசம்? 1822 முதல் 1830 வரை ஒவ்வொரு காலனியிலும் நடந்த விற்பனை விலையை வைத்து இழப்பீட்டைப் பங்கிட்டார்கள். கிளாட்ஸ்டனின் தோட்டங்கள் பெரும்பாலும் இருந்த பிரிட்டிஷ் கயானாவில் புதிய கரும்பு நிலம் ஏராளம், உழைக்க ஆள் குறைவு. அதனால் அங்கே விலை அதிகம், ஜமைக்காவில் குறைவு.

இந்த வகுத்தலை ஒருமுறை செய்யலாம், இரண்டாம் முறை செய்யக் கூடாது. மனிதருக்கு விலை போடும் வேலையை நம் பிள்ளைகளும் செய்கிறார்கள் என்பதை வகுப்பிலேயே சொல்லிவிட்டு, தாளைத் திருப்பி, கிளாட்ஸ்டனின் ‘சக்ஸஸ்’ தோட்டத்துக்குப் போங்கள்.

1823 ஆகஸ்ட் 18 அன்று டெமராராவில் (பின்னர் பிரிட்டிஷ் கயானாவில் சேர்ந்த காலனி) 10,000க்கும் மேற்பட்டோர் எழுந்தார்கள். கிளர்ச்சி தொடங்கியது இந்தத் தோட்டத்தில். முன்னின்றவர் ஜாக் கிளாட்ஸ்டன். முதலாளியின் குடும்பப் பெயரே அவருக்கும் ஒட்டியிருந்தது. அவருடைய தந்தை குவாமினா, தச்சர், பெத்தேல் தேவாலயத்தின் உதவி ஊழியர். ஆயுதம் வேண்டாம், வேலைநிறுத்தம் செய்வோம் என்று வாதிட்டவர். அடக்குமுறையில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 16 அன்று குவாமினாவைச் சுட்டுக் கொன்று, உடலை அந்தத் தோட்டத்தின் முன்னாலேயே சங்கிலியில் தொங்கவிட்டார்கள். இன்று கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. எட்டு ஆண்டு கழித்து 1831 டிசம்பரில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் வெடித்த எழுச்சி, லண்டன் நாடாளுமன்றத்துக்கு வேறு வழி இல்லாமல் செய்தது. 1833 சட்டத்தை வில்பர்ஃபோர்ஸிலிருந்து தொடங்காமல் குவாமினாவிலிருந்து தொடங்கினால் பாடத்தின் எலும்புக்கூடே மாறிவிடும்.

கிளாட்ஸ்டன் கதை அங்கே முடியவில்லை. 1836 ஜனவரியில் அவர் கல்கத்தாவின் ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, தன் தோட்டத்துக்கு இந்தியத் தொழிலாளர்கள் வேண்டும் என்று கேட்டார். 1838 மே 5 அன்று ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் கயானாவை அடைந்தன. கரையிறங்கியவர்கள் 396 பேர். ‘பயிற்சி’ ஏற்பாடு முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. இழப்பீட்டுத் தரவுத்தளத்தில் ஒரு பெயரைத் தேடப் போனவர்கள் இந்திய ஒப்பந்தக் கூலி முறையின் வாசலில் வந்து நிற்கிறார்கள். தமிழில் ‘கூலி’ என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். காலனி ஆவணங்களில் அதே ஒலியுள்ள சொல் ஊதியத்தை உதறிவிட்டு ஆளைக் குறிக்கத் தொடங்கியது. தமிழ் பேசும் மாணவர்களுக்கு இது உடனே உறைக்கும்.

1833 சட்டத்தின் 64ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது என்று சொன்னதையும் இங்கே சேர்த்துவிடுங்கள். கம்பெனி ஆண்ட இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று ஆனது 1843-ன் ஐந்தாம் சட்டத்தால்தான். அந்தச் சட்டத்தால் பண்ணையாட்களின் நிலை உடனே மாறிவிடவும் இல்லை.

வகுப்பில் நடத்தும் விதம்

நாற்பது நிமிடப் பாடவேளைகள் நான்கு வேண்டும். இரண்டில் முடிக்கப் பார்த்தால் எண்கள் மட்டும் நிற்கும், மனிதர்கள் விடுபடுவார்கள்.

முதல் பாடவேளையில் கணினியைத் திறக்கவே வேண்டாம். கப்பலுக்கு முன்னால் ஆப்பிரிக்கா இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். கொங்கோ அரசர் முதலாம் அஃபோன்சோ 1526-ல் போர்த்துகல் அரசருக்கு எழுதிய கடிதம் நல்ல தொடக்கம்: வணிகர்கள் தன் குடிமக்களையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் பிடித்துப் போவதாக ஓர் அரசர் இன்னோர் அரசரிடம் முறையிடுகிறார். அவருடைய அரசவையும் அந்த வணிகத்தில் தோய்ந்திருந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் எவனாவது ஒரு மாணவன் இணையத்தில் அதைப் படித்துவிட்டு வந்து “ஆப்பிரிக்கர்களே விற்றார்களே” என்பான். அப்போது ஆசிரியர் தடுமாறுவார். யார் விற்றார்கள், அந்த வேண்டுதலையும் விலையையும் உண்டாக்கியது யார், தோட்டமுறை யாருடைய கையில் இருந்தது என்று பிரித்துப் பேச முன்கூட்டியே இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாடவேளை ஸ்லேவ் வாயேஜஸுக்கு. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பயணம் போதும். பயண எண்களை நீங்களே முந்தைய நாள் தேர்ந்தெடுத்து வையுங்கள். மாணவர்களைத் தேடவிட்டால் பாதி நேரம் வடிகட்டிகளிலேயே போய்விடும். அட்டவணைகள் அகலமானவை, கைபேசித் திரையில் படிப்பது சிரமம். ஒவ்வொரு பயணத்தின் பக்கத்தையும் அச்செடுத்துத் தருவதே மேல். குழுவுக்கு ஒரு தாள், அதில் மூன்று பத்தி: ஆவணம் சொல்வது, ஆய்வாளர் கணித்தது, ஆவணம் சொல்லாமல் விட்டது. மூன்றாம் பத்தி நிறையும்வரை விடாதீர்கள். பெயர், மொழி, ஊர், உறவு, என்ன பாடினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று அது நீளும்.

மூன்றாவது பாடவேளை இழப்பீட்டுத் தளமும் டெமராராவும். நான்காவதில், அடிமையாக இருந்தவர்களே பேசியதும் எழுதியதும்: 1787-ல் ஓட்டோபா குகோவானோ, 1789-ல் ஒலாடா ஈக்வியானோ, 1831-ல் மேரி பிரின்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் போதும். தளங்களின் கணக்குத்தாளையும் இந்தப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் ஹெய்ட்டியையும் சேர்க்கலாம். 1804-ல் தாமே போராடி விடுதலை பெற்ற அந்த நாட்டிடம், 1825-ல் பிரான்ஸ் 15 கோடி ஃபிராங்க் கேட்டது. 1838-ல் 9 கோடியாகக் குறைத்தது. பிரிட்டனில் அரசு முதலாளிக்குக் கொடுத்தது என்றால், இங்கே விடுதலை பெற்றவர்களே முதலாளிக்குக் கொடுக்க நேர்ந்தது.

செய்யவே கூடாதவை சில. தரையில் கயிறு கட்டி அதற்குள் மாணவர்களைப் படுக்கவைத்து “கப்பலில் இப்படித்தான் இருந்தார்கள்” என்று காட்டுவது, ஏலம் நடிக்கவைப்பது, “நீ ஓர் அடிமை என்று நினைத்து நாட்குறிப்பு எழுது” என்பது. இவை புரிதலைத் தருவதில்லை. சிரிப்பையோ அவமானத்தையோதான் தரும். அதுவும் வகுப்பில் இருக்கும் கறுப்பின மாணவர் தலையில் விழும். “உங்கள் குடும்பப் பெயரைத் தேடிப் பாருங்கள்” என்று இழப்பீட்டுத் தளத்தைத் திறந்துவிடுவதும் கூடாது. கரீபியப் பின்னணி உள்ள மாணவர் தன் பெயரைத் தட்டினால், தன் மூதாதையரைச் சொத்தாக வைத்திருந்தவரின் பக்கம் முன்னால் வந்து நிற்கக்கூடும். வீட்டாரோடு உட்கார்ந்து, தானே விரும்பித் தேட வேண்டியது அது. கறுப்பின மாணவரை நோக்கி “நீ என்ன நினைக்கிறாய்?” என்று வகுப்பின் நடுவே கேட்பதும் அதே தவறுதான்.

பழைய ஆவணங்களில் இழிசொற்கள் வரும். அவற்றை உரக்கப் படிக்க வேண்டாம். அச்செடுத்த தாளில் இருக்கட்டும், ஏன் இருக்கிறது என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

சொற்கள்

இரண்டு தளங்களிலும் தமிழ் இடைமுகம் இல்லை. ஆகவே பன்னிரண்டு பதினைந்து சொற்களுக்குத் தமிழ்த் தாள் ஒன்று தயாரிக்க வேண்டும். அங்கேதான் பாடத்தின் பார்வை தீர்மானமாகிறது. தமிழில் ‘அடிமை’ என்ற சொல்லுக்குப் பக்தியின் மணமும் உண்டு; இறைவனுக்கு அடிமை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மொழி நம்முடையது. சுந்தரர் கதையில் ஆளோலை காட்டி வழக்காடுவது இறைவனே. அந்த மணம் இந்தப் பாடத்துக்குள் வரக் கூடாது. ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்பது சரியான சொல்தான், ஆனால் வாக்கியத்துக்கு இரண்டு முறை வந்தால் மாணவர் நாக்கு தடுக்கும். ‘அடிமையாக்கப்பட்டவர்’ போதும், பெயர் தெரிந்த இடத்தில் பெயர், தொழில் தெரிந்த இடத்தில் தச்சர், சமையல்காரர். ‘உரிமையாளர்’ என்று எழுதினால் உரிமை என்ற ஒன்று அவருக்கு இருந்ததாக ஆகிவிடுகிறது. ‘அடிமை வைத்திருந்தவர்’ என்று எழுதுங்கள். ‘விடுதலை வழங்கப்பட்டது’ என்று பாடநூலில் வரும் இடத்தில், வழங்கியது யார், போராடியது யார் என்று கேட்டு வாக்கியத்தை மாணவர்களையே திருத்தி எழுதச் சொல்லலாம்.

தீர்ப்பு என்று கேட்டால், நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இழப்பீட்டுத் தளத்தையே எடுப்போம். ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு தொகை என்று பிடிப்பு கிடைக்கிறது. ஸ்லேவ் வாயேஜஸ் பரப்பைக் காட்டுவதில் நிகரற்றது. ஆனால் அதன் எண்களைப் பக்குவமாகக் கையாள ஆசிரியருக்கு ஒரு வார முன்தயாரிப்பு வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு அச்செடுத்த தாள்களே போதும்.

இன்னொரு பயிற்சி இருக்கிறது. இரண்டு தளங்களையும் பயன்படுத்தி முடித்தவர்களுக்கு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் இறக்கியது. அதில் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், ஊர், உடலில் உள்ள அடையாளக் குறி எல்லாம் இருக்கும். இந்தப் பட்டியலின் ஒரு பக்கத்தையும், ஸ்லேவ் வாயேஜஸின் ஆப்பிரிக்கப் பெயர்கள் பிரிவில் ஒரு பக்கத்தையும் அருகருகே அச்செடுத்துக் கொடுங்கள். எந்தெந்தப் பத்திகள் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றன என்று மாணவர்கள் வண்ணம் தீட்டட்டும். பிறகு, நேட்டால் பட்டியலில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ‘சாதி’ என்ற பத்தியை யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வார். அதற்கென்று ஐந்தாவது பாடவேளை ஒன்றை ஒதுக்கி வைத்திருங்கள்.